பின்னல் ஊசியும் கொலை வழக்கும்

விளம்பரம் செய்துவிட்டு யாராவது கொலை செய்வார்களா? தண்டோராப் போட்டுவிட்டுக் கன்னம் வைக்க வந்த திருடனைப் பற்றி நாம் கேள்விப்பட்டதில்லை. ஆனால் இங்கிலாந்து தேசத்தில், சிப்பிங் கிளெகார்ன் என்னும் கிராமத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அத்தகைய அதிசயம் நிகழ்ந்தது. வீடு தோறும் வந்து விழுந்த உள்ளூர்ப் பத்திரிகையில், நாய்க்குட்டி விற்பனைக்கும் வீட்டு வேலைக்கு ஆள் தேவை என்பதற்கும் நடுவே ஒரு சிறு விளம்பரம் காணப்பட்டது. அக்டோபர் மாதம் 29-ந் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு 'லிட்டில் பேடக்ஸ்' என்னும் வீட்டில் ஒரு கொலை நடைபெறும் என்றும், நண்பர்கள் இதையே அழைப்பாகக் கொள்ள வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. தனிக் கடிதம் போடவில்லை என்று கல்யாணக் காகிதத்தில் அச்சிடுகிறார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி!

அந்த வீட்டின் எஜமானி லெட்டீஷியா பிளாக்லாக் என்ற மணமாகாத மாது. விளம்பரத்தைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொன்னார். ஆனால் ஊராரின் சுபாவம் அவருக்கு நன்றாய்த் தெரியும். ஆகையால் மாலையில் வரப்போகும் விருந்தாளிகளுக்காகப் பானம் முதலியவற்றைத் தயார் செய்து வைத்துவிட்டார்.

அவர் எதிர்பார்த்தபடியே ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கொலை பார்க்க வந்தோம் என்று நாகரிகமுள்ள மனிதர் எவரேனும் வாய் திறந்து சொல்ல முடியுமா? இந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன் என்றார் ஒருவர். வாத்துகள் சரியாக முட்டை இடுகின்றனவா என்று விசாரித்தார் இன்னொருவர். பூனைக்குட்டி ஒன்று வேண்டுமா என்று கேட்டார் மற்றொருவர். பாதிரியாரின் இளம் மனைவி மட்டும் மூச்சுத் திணற ஓடி வந்து, கொலை ஆரம்பமாகிவிட்டதா, நேரமாகிவிடவில்லையே என்று கேட்டாள். ஊரிலேயே உண்மை பேசுகிறவள் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது!

கடிகாரம் ஆறரை அடித்தது. விளக்குகள் அணைந்தன. கதவு திறந்தது. கண்ணைக் கூச வைக்கும் டார்ச் விளக்கின் பின்னாலிருந்து, கைகளைத் தூக்கும்படி ஒரு குரல் அதட்டியது. எல்லாம் விளையாட்டு என்று விருந்தாளிகள் குதூகலித்தார்கள். அடுத்த கணத்தில் துப்பாக்கி வெடித்தது. வெளிச்சம் வந்தபோது வீட்டுக்காரியின் காதிலிருந்து இரத்தம் வழிந்து கொண்டிருந்தது. டார்ச் விளக்குடன் வந்தவன் தரையில் பிணமாய்க் கிடந்தான்.

இது அகதா கிறிஸ்டி அம்மாள் எழுதிய 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்' என்ற நாவலின் ஆரம்பம். 1950-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் வெளியான இந்தப் புத்தகத்தை அம்மாளின் ஐம்பதாவது புத்தகம் என்று பிரசுரகர்த்தர்கள் விளம்பரம் செய்தார்கள். சிப்பிங் கிளெகார்னைப் பூகோளப் படத்தில் தேட வேண்டாம். அது ஆசிரியையின் மனத்தில் மட்டும் உள்ள ஊர். முடிவு என்ன, கொலையாளி யார் என்பதை இந்தக் கட்டுரையில் தேடவும் வேண்டாம். துப்பறியும் கதையின் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறவனுக்குத் தனியாக ஒரு நரகம் இருக்கத்தான் வேண்டும். நாம் இங்கே பார்க்கப்போவது, அந்த முடிச்சை அவிழ்த்த கிழவியைத்தான்.

கணக்கில் விட்டுப்போனவர்

துப்பறிகிறவர் என்றால் நம் மனக் கண் முன்னால் வருகிறவர் யார்? வாயில் புகைக் குழாயும் கையில் பூதக் கண்ணாடியும் உடைய ஷெர்லக் ஹோம்ஸ் வருவார். அல்லது கிறிஸ்டி அம்மாளே படைத்த, மீசையை முறுக்கி விட்டுக்கொள்ளும் பெல்ஜியக்காரர் ஹெர்க்யூல் பாய்ரோ வருவார். மிஸ் ஜேன் மார்ப்பிள் அப்படிப்பட்டவர் அல்ல. வெண்பஞ்சு போன்ற கேசம். ரோஜா நிறம் மாறாத சுருங்கிய முகம். மடியில் கம்பளி நூல் உருண்டை. செயிண்ட் மேரி மீட் என்ற கிராமத்தில் ஒரு சிறு வீடும் தோட்டமும் உண்டு. கணவன் இல்லை, குழந்தை குட்டி இல்லை, உத்தியோகம் இல்லை. ஸர்க்கார் கொடுத்த அதிகாரம் ஒரு குன்றிமணி அளவும் இல்லை.

இந்தக் கிழவி முதன் முதலில் வாசகர்களுக்குத் தரிசனம் தந்தது 1927-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், 'ராயல் மாகஸின்' பத்திரிகையில் வந்த ஒரு சிறுகதையில். அவருடைய வீட்டுக் கூடத்தில் சிலர் கூடியிருக்கிறார்கள். ஸ்காட்லாண்டு யார்டின் முன்னாள் கமிஷனர் ஒருவர், ஒரு பாதிரியார், ஒரு வக்கீல், சித்திரம் எழுதும் பெண் ஒருத்தி, கிழவியின் மருமகனான நாவலாசிரியர் ரேமண்ட் வெஸ்ட் ஆகியோர். வாரம் ஒருவராகத் தமக்குத் தெரிந்த மர்மச் சம்பவத்தைச் சொல்வது, மற்றவர்கள் விடை கண்டுபிடிப்பது என்று தீர்மானிக்கிறார்கள். சித்திரக்காரப் பெண் தலைகளை எண்ணிப் பார்க்கிறாள். ஐந்து பேர் இருக்கிறோம் என்கிறாள். மூலையில் பின்னிக்கொண்டிருந்த கிழவி புன்னகையுடன், தம்மை விட்டுவிட்டதாக ஞாபகப்படுத்துகிறார். யாருடைய வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்களோ அவரையே எண்ண மறந்துவிட்டார்கள்!

கதையின் முடிவில் சரியான விடையைச் சொன்னவர் அந்த ஆறாவது ஆள்தான் என்று சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு ஏறக்குறைய ஐம்பது வருஷ காலம், பன்னிரண்டு நாவல்களிலும் இருபது சிறுகதைகளிலும், இதே சம்பவம் வெவ்வேறு உருவத்தில் நடந்துகொண்டே இருந்தது. எண்ணிக்கையில் விட்டுப்போன கிழவி, எல்லாருடைய கணக்கையும் சரி பார்த்துச் சொன்னார்.

இந்தப் பாத்திரத்தின் பூர்வோத்தரத்தைக் கிறிஸ்டி அம்மாள் தமது சுயசரிதையில் கூறியிருக்கிறார். அவர் 1890-ஆம் வருஷத்தில் டார்க்கே என்னும் கடற்கரைப் பட்டணத்தில் பிறந்தவர். சிறு வயதில் லண்டனுக்கு அருகே ஈலிங் என்னும் இடத்திலிருந்த பாட்டி வீட்டுக்கு அடிக்கடி போவதுண்டு. அந்தப் பாட்டி மிகவும் சந்தோஷமான மனுஷி. ஆனால் யாரைப் பற்றியும் எதைப் பற்றியும் மோசமானதையே எதிர்பார்ப்பார். பயங்கரமான விஷயம் என்னவென்றால், பெரும்பாலும் அவர் எதிர்பார்த்ததே சரியாகப் போகும்! இந்த ஒரு குணத்தைப் பாட்டியிடமிருந்து மிஸ் மார்ப்பிள் பெற்றுக்கொண்டார். 1926-இல் வெளியான ரோஜர் ஆக்ராய்டு கொலைக் கதையில், வீட்டை விட்டு நகராமலே ஊர் வம்பை எல்லாம் திரட்டிவிடும் டாக்டரின் தமக்கை ஒருத்தி வருகிறாள். அவள் மேல் ஆசிரியைக்கு இருந்த பிரியமும் இந்தப் பாத்திரம் உருவாக ஒரு காரணமாய் இருக்கலாம் என்று அவரே கருதினார்.

பெயர் கிடைத்த விதமும் ருசிகரமானது. செஷையர் ஜில்லாவில் மார்ப்பிள் ஹால் என்ற புராதன மாளிகை ஒன்று இருந்தது. அதன் சாமான்கள் விற்பனைக்கு வந்தபோது கிறிஸ்டி அம்மாள் போய் இரண்டு பழைய ஓக் மர நாற்காலிகளை வாங்கினார். கூடவே, பெயர் இல்லாமல் காத்துக்கொண்டிருந்த கதாபாத்திரத்துக்கு ஒரு பெயரையும் இனாமாக எடுத்துக்கொண்டு வந்தார்.

மீன் கடைக் கணக்கு

மிஸ் மார்ப்பிள் காலடித் தடத்தை அளப்பதில்லை. சுருட்டுச் சாம்பலை ஆராய்வதில்லை. அவருடைய வித்தை வேறு. உலகத்தில் எந்த மனிதரைப் பார்த்தாலும், தமது கிராமத்தில் யாரைப் போல் இருக்கிறார் என்று யோசிப்பார். லண்டன் கனவான் ஒருவரைப் பார்த்ததும் அவருக்கு ஊரில் பால் ஊற்றுகிறவன் ஞாபகம் வரும். அவன் செய்த அசட்டுக் காரியமும் ஞாபகம் வரும். பிறகு கனவான் என்ன செய்வார் என்பதை ஊகிப்பது சிரமமில்லை.

முதல் சிறுகதையிலேயே, கொலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, ஊரில் ஓர் அம்மாள் கடையில் வாங்கிய இறால் வீடு போய்ச் சேர்வதற்குள் காணாமற் போன விஷயத்தை எடுத்து ஆரம்பிக்கிறார். கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். பாவம், அவர்களுக்கு அந்த இறாலின் மகிமை தெரியவில்லை!

சிப்பிங் கிளெகார்ன் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். கீல்வாதத்துக்குச் சிகிச்சை பெறுவதற்காக மிஸ் மார்ப்பிள் ஒரு ஹோட்டலில் தங்கியிருக்கிறார், செலவு மருமகனுடையது. அங்கே வேலை பார்த்த வெளிநாட்டு வாலிபன் ஒருவன், அவர் ஏழு பவுனுக்கு எழுதிய செக்கைப் பதினேழு பவுனாகத் திருத்திவிடுகிறான். பிறகு லிட்டில் பேடக்ஸில் டார்ச் விளக்குடன் பிணமாய்க் கிடந்தவன் அவனே என்று தெரிய வருகிறது. அகப்பட்ட திருடன் தன்னையே சுட்டுக்கொண்டான், அல்லது கால் தவறி விழுந்தபோது துப்பாக்கி வெடித்துவிட்டது என்று வழக்கை மூடிவிடப் பலர் தயார்.

கிழவிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அவருடைய ஊரில் மீன் கடையில் வேலை செய்த ஒரு பையன் இருந்தான். பில் போடும்போது ஷில்லிங் வரிசையில் ஓர் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துவிடுவான். நீளமான பில்லை யார் கூட்டிப் பார்க்கிறார்கள்? அந்தச் சில்லறையில் அவன் கழுத்துக்கு நல்ல டை வாங்கிக்கொள்வான். ஜவுளிக் கடைப் பெண்ணைச் சினிமாவுக்கு அழைத்துப் போவான். செக்கைத் திருத்திய வாலிபனும் அந்த ஜாதிதான் என்கிறார் மிஸ் மார்ப்பிள். கை நீளும், ஆனால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் நடுவில் போய் நிற்கிற துணிச்சல் அவனுக்கு ஏது? அப்படியானால் அவனை அங்கே அனுப்பியவர் யார்? இந்தக் கேள்வியைக் கேட்டவுடனே, மூடப்போன வழக்கு மறுபடி திறந்துகொள்கிறது. தடயம் என்று போலீஸார் பத்திரப்படுத்திய சாமான்களில் ஒன்றும் இதற்கு உதவவில்லை. மீன் கடைப் பையனின் பில்தான் உதவிற்று.

இந்த விஷயத்தில் அவருக்கும் மருமகன் ரேமண்டுக்கும் 1930-இல் வெளியான முதல் நாவலிலேயே ஒரு சிறு வாக்குவாதம் நடந்திருக்கிறது. செயிண்ட் மேரி மீட் தேங்கிய குட்டையைப் போன்றது என்று அந்த மேதாவி இளைஞர் அலட்சியமாய்ச் சொல்கிறார். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. குட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துப் பூதக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், அதைப் போல் ஜீவராசிகள் நிறைந்தது வேறு எதுவும் இல்லை என்று சாந்தமாகப் பதில் சொல்கிறார். நகரத்தில் ஆயிரம் பேரைத் தெரிந்திருப்பதைவிட, ஒரு தெருவில் பத்துப் பேரை ஐம்பது வருஷம் கவனித்திருப்பது பெரிய கல்வி என்பது அவருடைய சித்தாந்தம்.

வம்பு என்று நாம் சொல்லுகிறோமே, அதைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மிஸ் மார்ப்பிள் வம்புக்காரிதான், அதில் சந்தேகமில்லை. தோட்ட வேலை என்றும், பறவைகளைப் பார்க்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டு, தெருவில் போவோர் வருவோரையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவர். ஆனால் சாதாரண வம்புக்காரர்களுக்கும் இவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் கேட்டதை உடனே வெளியே விட்டுவிடுகிறார்கள். இவர் கேட்டதைப் பத்திரப்படுத்தி, இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, சமயம் வரும் வரையில் வாய் திறக்காமல் இருக்கிறார்.

ரேஷன் புத்தகமும் அண்டை வீடும்

சிப்பிங் கிளெகார்ன் கதை வெறும் வேடிக்கைக் கதை அல்ல. யுத்தம் முடிந்த இங்கிலாந்தின் படம் அதில் இருக்கிறது. ரேஷன் என்றால் என்னவென்று யுத்த காலத்தைக் கண்ட குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 1940-ஆம் வருஷம் ஜனவரியில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ஏற்பட்ட உணவுப் பங்கீடு 1954-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில்தான் முற்றிலும் ஒழிந்தது. யுத்த காலத்தில்கூட இல்லாத ரொட்டிப் பங்கீடு, சமாதானம் வந்த பிறகு 1946 முதல் 1948 வரையில் இருந்தது.

இந்த நிலைமையில் கிராமத்து ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஒரு பண்ணையில் வியாழக்கிழமைதோறும் கொஞ்சம் வெண்ணெய் இரகசியமாகக் கிடைக்கும். ஒருவர் அதை வாங்கி வந்து நாலு வீட்டில் கொடுப்பார். அதற்குப் பதிலாக ஒரு வீட்டிலிருந்து காய்கறி வரும். இன்னொரு வீட்டிலிருந்து முட்டை வரும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் தாழிடாத கதவைத் திறந்து உள்ளே வைத்துவிட்டுப் போவார்கள். இவ்வளவும் சட்ட விரோதம்! இன்ஸ்பெக்டர் கிராடக் வந்து, யார் எப்போது எந்த வீட்டுக்குள் போனார்கள் என்று கேட்டால், கௌரவமான மனிதர்கள் எல்லாரும் திருதிருவென்று விழிக்கிறார்கள். கொலையை மறைக்கிறார்களா, வெண்ணெயை மறைக்கிறார்களா என்று அவருக்குத் தெரியவில்லை. பாதிரியார் மனைவிதான் கடைசியில் உண்மையைச் சொல்லி அவருடைய தலைவலியைத் தீர்க்கிறாள்.

இந்த ஹாஸ்யத்தின் அடியில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. பதினைந்து வருஷங்களுக்கு முன்னால் ஊரில் இருந்த ஒவ்வொருவரும் யார் என்று எல்லாருக்கும் தெரியும் என்கிறார் மிஸ் மார்ப்பிள். புதிதாக ஒருவர் குடி வந்தால், அவரைத் தெரிந்தவர்கள் எழுதிய கடிதம் முன்னாலேயே வந்து சேரும். யுத்தத்துக்குப் பிறகு அந்த ஏற்பாடு போய்விட்டது. யாரோ வருகிறார்கள், வீடு வாங்குகிறார்கள், இந்தியாவிலிருந்து வந்தேன், பிரான்ஸில் இருந்தேன் என்கிறார்கள். அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அத்தாட்சி என்ன? ரேஷன் புத்தகமும் அடையாளச் சீட்டும். 1939-ஆம் வருஷம் செப்டம்பரில் யுத்தத்துக்காக ஏற்பட்டு 1952-ஆம் வருஷம் வரையில் நீடித்த அந்தச் சாதாரண அடையாளச் சீட்டிலே புகைப்படமும் கிடையாது, கைரேகையும் கிடையாது. அதைக் கையில் வைத்திருப்பவர்தான் அதில் பெயர் எழுதப்பட்டவரா என்பதைக் கடவுள்தான் அறிவார்.

கதையில் இன்ஸ்பெக்டரின் உள்ளத்தில் இந்த வார்த்தைகள் திகிலை உண்டாக்குகின்றன. லிட்டில் பேடக்ஸில் அன்று மாலை கூடியிருந்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் தாங்கள் சொல்லிக்கொள்கிறவர்கள்? ஸர்க்காரின் பதிவுப் புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. விடை காண வேண்டுமானால் வேறு ஒரு பதிவுப் புத்தகம் வேண்டும். ஒருவர் எப்படிப் பேசுகிறார், எந்தப் பெயரால் யாரை அழைக்கிறார், எதைக் கண்டு கண் கலங்குகிறார், நேற்று எந்த மேஜையில் எந்த விளக்கு இருந்தது என்பதையெல்லாம் குறித்து வைத்திருக்கும் புத்தகம் அது. அந்தப் புத்தகம் வயதான பெண்களின் நினைவிலேயே இருக்கிறது. யாரும் அதைக் கேட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் அதற்குப் பெரிய பாதுகாப்பு!

சிரிப்புக்கு அடியில்

கொலைக் கதையில் எதற்குச் சிரிப்பு என்று சிலர் கேட்கலாம். பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேநீர் சாப்பிடுகிற கதைகள் என்று இவற்றைக் குறை கூறியவர்கள் உண்டு. அது முழு உண்மை அல்ல. இந்த நாவலில் டோரா பன்னர் என்று ஒரு பாத்திரம் வருகிறாள். வீட்டு எஜமானியின் பள்ளித் தோழி. சொற்ப வருமானத்தில், தனி அறை ஒன்றில், கிழிந்ததைத் தைத்துப் போட்டுக்கொண்டு, நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்துடனேயே காலம் தள்ளியவள். பல வருஷங்கள் கழித்துப் பழைய சிநேகிதிக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள். சிநேகிதி அவளை அழைத்துத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறாள். அவளுடைய பிறந்த நாளுக்காக, அருமையாய்ச் சேமித்த வெண்ணெயும் சர்க்கரையும் சாக்லேட்டும் போட்டு ஒரு கேக் செய்கிறார்கள். அதற்கு வீட்டிலுள்ள குறும்புக்கார இளைஞன் வைத்த பெயர் 'சுவையான மரணம்'! வாசகர் சிரிக்கிறார். ஆனால் ஒரு துண்டுக் கேக்குக்காக அந்த ஏழைக் கிழவி அடையும் ஆனந்தத்தைப் பார்க்கும்போது தொண்டையை ஏதோ அடைக்கிறது.

1921-ஆம் வருஷத்து ஜனக் கணிதத்தின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களைவிடப் பெண்கள் பதினேழு லட்சம் பேர் அதிகம் இருந்தார்கள். முதல் உலக யுத்தம் அந்த வித்தியாசத்தை அதிகமாக்கியிருந்தது. இவர்களை 'உபரிப் பெண்கள்' என்று பத்திரிகைகள் எழுதின. உபரி நெல், உபரிச் சரக்கு என்பது போல! கிறிஸ்டி அம்மாளின் கிராமங்களில் தனியாகவும் இரண்டிரண்டு பேராகவும் வாழும் இத்தனை பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு இந்தக் கணக்கு ஓரளவு பதில் சொல்லும். உபரி என்று ஒதுக்கப்பட்டவர்களில் ஒருத்தியை எடுத்து, ஸ்காட்லாண்டு யார்டு எழுந்து நின்று வணங்கும்படி செய்துவிட்டார் ஆசிரியை. இங்கிலாந்தில் இத்தகைய கிழவிகளைப் 'பூனை' என்று கேலி செய்வதுண்டு. முன்னாள் கமிஷனர் ஸர் ஹென்றி கிளிதரிங்கோ, பூனைகளுக்கெல்லாம் மேலான பூனை இவர் என்று மெச்சிக்கொள்கிறார்.

மிஸ் மார்ப்பிளின் கோபத்தையும் நாம் பார்த்தால்தான் அவரை முழுவதும் அறிந்தவர்களாவோம். 1953-ஆம் வருஷத்தில் வெளியான 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' என்ற நாவலில் கிளாடிஸ் என்ற வேலைக்காரப் பெண் கொல்லப்படுகிறாள். அநாதை விடுதியிலிருந்து வந்த அவளுக்கு வீட்டு வேலை பழக்கியவர் மிஸ் மார்ப்பிள். அழகும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை. யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் நம்பிவிடுகிற சுபாவம். கொலையாளி அவளைக் கொன்றதோடு நிற்காமல், துணி உலர்த்தும் இடுக்கி ஒன்றைப் பிணத்தின் மூக்கில் மாட்டி வைத்திருக்கிறான். பத்திரிகையில் இதைப் படித்ததும் கிழவி ரயிலேறி நேரே அந்த மாளிகைக்குப் போகிறார். அங்கே பணக்காரர்கள் இறந்திருக்கிறார்கள். அவர்களுக்காகக் கேட்கப் போலீஸாரும் வக்கீல்களும் இருக்கிறார்கள். அந்த வேலைக்காரப் பெண்ணுக்காகக் கேட்க ஒருவருமில்லை. இவர் அதற்காகவே வந்திருக்கிறார். இறந்த பிறகும் ஓர் ஏழைப் பெண்ணை அவமதித்ததை அவரால் பொறுக்க முடியவில்லை.

ஆசிரியையிடம் குறை இல்லாமலும் இல்லை. லிட்டில் பேடக்ஸில் சமையல் செய்யும் மிட்ஸி, ஐரோப்பாவில் தன் குடும்பத்தைப் பறிகொடுத்து அகதியாய் வந்தவள். அவளை எடுத்ததற்கெல்லாம் கூச்சலிடுகிறவளாகவும் பொய் சொல்கிறவளாகவும் வைத்து ஆசிரியை வேடிக்கை செய்திருக்கிறார். அந்த யுத்தத்தில் அகதிகள் பட்ட துன்பத்தை அறிந்தவர்களுக்கு அந்த இடங்களில் சிரிப்பு வருவதில்லை. கடைசியில் அவளுக்கும் ஒரு முக்கியமான பங்கைக் கொடுத்து ஆசிரியை ஓரளவு கடனைத் தீர்த்திருக்கிறார் என்று சொல்லலாம்.

கிழவியும் காலமும்

வெள்ளித் திரை இந்தக் கிழவியைச் சும்மா விடுமா? 1961 முதல் 1964 வரையில் மார்கரெட் ரூதர்போர்டு என்ற பிரபல நடிகை நாலு படங்களில் மிஸ் மார்ப்பிளாக நடித்தார். ஆகிருதியும் ஆர்ப்பாட்டமுமாக அவர் நடித்தது அபாரமான ஹாஸ்யம். ஆனால் கதையிலுள்ள ஒடிசலான கிழவி வேறு. ஆயினும் நடிகையிடம் ஆசிரியைக்கு மதிப்பு உண்டு. 1962-இல் வெளியான நாவலை அவருக்கே சமர்ப்பணம் செய்தார். அதற்கு வெகு காலம் முன்பே, 1940-களில், தமது நாடகம் ஒன்றில் நடித்த ஜோன் ஹிக்ஸன் என்ற நடிகைக்கு, ஒரு நாள் நீங்கள் மிஸ் மார்ப்பிளாக நடிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்ற கருத்துப்பட அவர் கடிதம் எழுதியிருந்தார். அந்த வாக்கு பலித்தது. 1984 முதல் 1992 வரையில் பி.பி.ஸி. தொலைக்காட்சி தயாரித்த பன்னிரண்டு நாவல்களிலும் ஹிக்ஸனே நடித்தார். ஆரம்பித்தபோது அவருக்கு வயது எழுபத்தெட்டு. ஆனால் அதைக் கண்டு மகிழக் கிறிஸ்டி அம்மாள் இல்லை. அவர் 1976-ஆம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி காலமாகிவிட்டார். பல வருஷங்களுக்கு முன்பே எழுதி வைத்திருந்த கடைசி மார்ப்பிள் நாவல் அதே வருஷத்தில் வெளியாயிற்று.

ஹோம்ஸுக்கு வயதானதை நாம் அதிகம் பார்ப்பதில்லை. மிஸ் மார்ப்பிளுக்கு நம் கண் முன்னாலேயே தள்ளாமை வருகிறது. ரூதர்போர்டுக்குச் சமர்ப்பணமான அந்த 1962-ஆம் வருஷத்து நாவலில் செயிண்ட் மேரி மீட் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கிறது. வயல்வெளியில் புது வீடுகள் வரிசையாக எழும்பியிருக்கின்றன. கிழவி தனியாக இருக்கக் கூடாதென்று டாக்டர் உத்தரவு போட்டதால், துணைக்கு ஒரு ஸ்திரீ வந்து வீட்டோடு இருக்கிறாள். அவள் நல்லவள்தான், ஆனால் கிழவியைக் கைக்குழந்தையாகப் பாவித்துக் கொஞ்சிப் பேசி உயிரை எடுக்கிறாள். தோட்ட வேலைக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. பின்னலிலோ கண்ணி விட்டுப்போகிறது. ஊரையே அளந்த கண்களுக்கு நூல் தெரியவில்லை! ஆகையால் காவல்காரியைக் கடைக்கு அனுப்பிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும் பையனைப் போல் மிஸ் மார்ப்பிள் வெளியே நழுவி, புது வீடுகளைப் பார்க்கப் போகிறார். வீடுகள்தான் புதியவை, அவற்றில் குடியிருக்கும் மனிதர்கள் தமக்குத் தெரிந்த பழைய மனிதர்களே என்று கண்டுகொள்கிறார்.

அவரை நெடுநாள் அறிந்த டாக்டர் வந்து நாடி பார்க்கிறார். இந்த நோய்க்கு மருந்துக் கடையில் மருந்து இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பின்னுவதற்குக் கண் தெரியாவிட்டால் என்ன, சிக்கைப் பிரிக்கத் தெரியுமே என்கிற ரீதியில் பேசி, அசல் கொலை வழக்கு ஒன்று வந்தால் உடம்பு தேறிவிடும் என்று வேடிக்கையாய்ச் சொல்லிவிட்டுப் போகிறார். மருந்து சீக்கிரமே வந்து சேருகிறது. கிழவி பின்னலை மூலையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருகிறார்.